மறைவுக்குப் பின் மலர்ந்த அருட்பா

கவிஞன் ஒருவனுக்கு இரண்டு வாழ்வுகள் உண்டு. பிறந்த நாளில் தொடங்கி உடல் மறையும் நாளில் முடிவது ஒன்று. உடல் மறைந்த நாளில் தொடங்கி, அவன் சொல்லைப் படிப்போர் உள்ளவரை நீள்வது மற்றொன்று. முதல் வாழ்வில் அவனுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் புரவலர் சிலரின் ஆதரவும் புலவர் சிலரின் பொறாமையும் ஆகும். இரண்டாம் வாழ்வில்தான் அவனுக்கு உரிய வாசகர் அவனைத் தேடி வருகின்றனர். சில வேளைகளில் அவர்கள் வருவதற்குப் பல்லாண்டுகள் ஆகின்றன.

பாரதியார் 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் மறைந்தபோது அவருடைய இறுதி ஊர்வலத்தில் சென்றவர் மிகச் சிலரே. 28 ஆண்டுகள் கழித்து, 1949ஆம் ஆண்டு, அவருடைய பாடல்களின் உரிமையைச் சென்னை மாகாண அரசே ஏற்றுக்கொண்டது. அமெரிக்க நாட்டின் எமிலி டிக்கின்சன் 1886ஆம் ஆண்டு மறைந்தார். அவர் வாழ்ந்த காலத்தில் அச்சேறிய பாடல்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. வீட்டுப் பெட்டியில் கிடந்த கவிதைத் தாள்களிலிருந்து முதல் தொகுதி வெளிவந்தது 1890ஆம் ஆண்டில்தான். இவர்களுக்கெல்லாம் முன்னர், வடசென்னையின் மண்ணில் வளர்ந்து, ஒற்றியூர் வீதிகளில் பாடித் திரிந்த ஒருவரின் வரலாறு இவ்வுண்மையை இன்னும் அழுத்தமாகக் காட்டுவது. அவரே திருவருட்பிரகாச வள்ளலார் எனப் போற்றப்படும் சிதம்பரம் இராமலிங்கர்.

பொன்னேரி தந்த தாய்

இராமலிங்கர் 1823ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 5ஆம் நாள், தென்னார்க்காட்டு மருதூரில் பிறந்தார். தந்தையார் இராமையா பிள்ளை ஊர்க்கணக்கராகவும் சிறார்க்குக் கல்வி கற்பிப்பவராகவும் விளங்கியவர். தாயார் சின்னம்மையார். ஐந்து மக்களுள் இளையவராகப் பிறந்த இராமலிங்கர் கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தார். ஆதரவற்ற தாயார் மக்களை அழைத்துக்கொண்டு தம் பிறந்தகத்தை நாடினார். அப்பிறந்தகம் பொன்னேரியை அடுத்த சின்னக்காவணம். அங்கிருந்து அக்குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்து, ஏழுகிணற்றுப் பகுதியில் வீராசாமிப் பிள்ளைத் தெருவில் குடியேறிற்று. மருதூர் அவருக்குப் பிறப்பை மட்டுமே தந்தது. அவரை வளர்த்தெடுத்துப் பாட வைத்தது, பொன்னேரிக்கும் ஏழுகிணற்றுக்கும் ஒற்றியூருக்கும் இடைப்பட்ட இந்த வடபுலமே ஆகும்.

மூத்த தமையனார் சபாபதிப் பிள்ளை காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடம் பாடம் கேட்டவர். புராணச் சொற்பொழிவுகள் செய்து குடும்பத்தைக் காத்தவர். தம்பிக்குத் தாமே கல்வி கற்பிக்கத் தொடங்கினார். தம்பியின் உள்ளம் ஏட்டில் படியவில்லை. தம் ஆசிரியரிடமே அவரை அனுப்பினார். அங்கும் அதே நிலைதான். பாடசாலைக்குப் போகவேண்டிய நேரத்தில் சிறுவர் கந்தகோட்டத்து முருகன் திருமுன் நின்று பாடிக்கொண்டிருந்தார். அங்ஙனம் அவர் பாடுவதைக் கண்ட காஞ்சிபுரம் சபாபதி முதலியார், இப்பிள்ளைக்குத் தாம் கற்பிக்க வேண்டுவது யாதுமில்லை என்று கூறித் திரும்பினார் என்பர்.

தமையனார் சினந்து, வீட்டில் உணவிடக்கூடாது என்று ஆணையிட்டதும், அண்ணியார் பாப்பாத்தி அம்மாள் கணவர் அறியாமல் அவருக்கு உணவிட்டு வந்ததும் அன்பர் வழிவழியாகச் சொல்லிவரும் செய்திகள். அண்ணியாரின் கண்ணீரைக் காணப் பொறாமல், இனிப் படிப்பேன் என்று வாக்களித்து, மாடியில் ஓர் அறையும் ஒரு கண்ணாடியும் விளக்கும் மட்டும் கேட்டுப் பெற்றார். அவ்வறையில் அவர் யாரிடமும் எதையும் கற்கவில்லை. கண்ணாடி முன் அமர்ந்து தணிகை முருகனை எண்ணியிருந்தார். கந்தகோட்டத்தின்மீது பாடிய 'தெய்வமணி மாலை' அந்த இளமைக்காலத்தின் கனி. தமையனார்க்கு உடல்நலம் குன்றிய ஒருநாள் அவருக்கு மாற்றாகச் சென்று, பெரியபுராணத்தில் திருஞானசம்பந்தர் வரலாற்றின் முதற் பாடலுக்கே நெடும்பொழுது விரித்துரைத்து அவையோரை வியப்பில் ஆழ்த்தினார் என்பதும் அவர் வாழ்வில் மறக்கவொண்ணாத நிகழ்ச்சி.

ஒற்றியூர் வழி

பன்னிரண்டாம் அகவை தொட்டு இராமலிங்கரின் கால்கள் திருவொற்றியூரை நோக்கி நடந்தன. 1835 முதல் 1858 வரை, 23 ஆண்டுக்காலம், ஏழுகிணற்றிலிருந்து தியாகராசர் திருக்கோயிலுக்கு அவர் இடையறாது சென்று வழிபட்டார். இராயபுரத்தில் தென்னகத்தின் முதல் புகைவண்டி நிலையம் 1856இல் திறக்கப்பட்டது. பாதிரியாரும் துபாஷிகளும் வணிகரும் கப்பல் கூலிகளும் நடமாடிய அக்கடற்கரைப் பாதையில், இரு கைகளையும் வெள்ளாடைக்குள் அடக்கி, தலை கவிழ்ந்து நடந்து சென்ற ஓர் இளைஞரை அக்காலத்தார் கண்டிருத்தல் கூடும். அவர் யாரென்று அன்று பலரும் அறிந்திரார்.

திருவொற்றியூர்த் தேரடி வீதியில் ஆடையின்றி அமர்ந்திருந்த துறவி ஒருவரைப் பற்றிய செவிவழிச் செய்தி ஒன்று உண்டு. வீதியில் போவோரைப் பார்த்து, அவரவர் இயல்புக்கேற்ப நாய் போகிறது, நரி போகிறது என்று சொல்லும் வழக்கமுடைய அத்துறவி, இராமலிங்கர் அவ்வழி சென்றபோது மட்டும், இதோ ஒரு மனிதர் போகிறார் என்று சொன்னாராம். வரலாற்றுச் சான்று தேட இயலாத இக்கதையில் ஒரு பொருள் உண்டு. அவர் காலத்தில் அவரை அடையாளம் கண்டவர் மிகச் சிலர். அவர்களும் பெரும்பாலும் ஊரால் பொருட்படுத்தப்படாதவர்.

வடிவுடையம்மை மீது பாடிய 'வடிவுடை மாணிக்க மாலை', தியாகராசரைப் பாடிய 'எழுத்தறியும் பெருமான் மாலை', அகத்துறையில் அமைந்த 'இங்கித மாலை' ஆகியன இவ்வழிநடையில் விளைந்த செல்வங்கள். பட்டினத்தடிகள் அடங்கிய ஒற்றியூர்க் கடற்கரை, சுந்தரர் சங்கிலியாரை மணந்த மகிழமரத்தடி, ஆதிபுரீசர் கருவறை ஆகியவற்றையெல்லாம் பழைய தமிழின் நினைவோடு பார்த்தவர் அவர். ஆயினும் பழையன பாடுவோர் எல்லாரினும் வேறுபட்டு, தம் குறைகளைத் தாமே எடுத்துரைத்து, தெருவில் பேசும் எளிய சொல்லால் கடவுளோடு வழக்காடும் ஒரு குரலை அவர் கண்டுகொண்டார். பிற்காலத்து ஆறாம் திருமுறையின் எளிமைக்கு வித்து இங்குதான் ஊன்றப்பட்டது எனலாம்.

இவ்விடத்தில் மணலியின் பழைய சிறப்பொன்றும் நினைக்கத்தக்கது. 'இராம நாடகக் கீர்த்தனை' பாடிய சீர்காழி அருணாசலக் கவிராயரை ஆதரித்த புரவலர்களுள் மணலி முத்துகிருஷ்ண முதலியாரும் ஒருவர். இராமசாமி தீட்சிதரும் அவர் மைந்தர் முத்துசாமி தீட்சிதரும் மணலி வள்ளல்களின் நிழலில் இவ்வூரில் தங்கி இசை வளர்த்தனர். அது புரவலர் கைபார்த்துக் கலை வளர்ந்த காலம். அடுத்த தலைமுறையில், மணலிக்கு அண்மையிலேயே உலவிய இராமலிங்கர் எந்தப் புரவலரையும் நாடவில்லை. மனிதரைப் பாடிப் பொருள் பெறுதலை அவர் வெறுத்தார். ஆதலின் அவர் பாடல்களைக் காக்கும் பொறுப்பு மாளிகைகளுக்கு இல்லாமல் போயிற்று. அது தொண்டர் கைக்கும், பின்னர் வாசகர் கைக்கும் வந்தது.

அச்சேறிய கதை

1849ஆம் ஆண்டில் தொழுவூர் வேலாயுத முதலியார் இராமலிங்கரின் மாணவரானார். தாம் இயற்றிய செய்யுட்களைச் சங்கப் பாடல்கள் என்று சொல்லிக் காட்டி ஆசிரியரின் புலமையைச் சோதிக்க முயன்றதாகவும், இவை கற்றுக்குட்டி ஒருவன் பாடியவை என ஆசிரியர் உடனே கண்டுரைத்ததாகவும் ஒரு செய்தி வழங்குகிறது. அன்று தலைகுனிந்த அம்மாணவரே பின்னாளில் அருட்பாவின் முதற் பதிப்பாசிரியர் ஆனார்.

இராமலிங்கர் அச்சுத்தொழிலை அறியாதவர் அல்லர். 'ஒழிவிலொடுக்கம்', 'தொண்டமண்டல சதகம்', 'சின்மய தீபிகை' ஆகிய பிறர் நூல்களைப் பதிப்பித்தவர். 'மனுமுறை கண்ட வாசகம்' என்னும் உரைநடை நூலை எழுதியவர். எனினும் தம் பாடல்களை அச்சிடுவதில் மட்டும் அவருக்கு நாட்டம் இல்லை. 1858இல் சென்னையை விட்டு நீங்கிச் சிதம்பரம் வழியாகக் கருங்குழியை அடைந்து, வேங்கட ரெட்டியார் இல்லத்தில் தங்கியிருந்தார். பாடல்கள் ஓலை நறுக்குகளிலும் தாள்களிலும் சிதறிக் கிடந்தன. சென்னையிலிருந்த இறுக்கம் இரத்தின முதலியார், பாடல்கள் தம் கைக்கு வந்து சேரும் வரை நாளொன்றுக்கு ஒருவேளை மட்டுமே உண்பது என்று உறுதி பூண்டார். அன்பர் ஒருவர் பட்டினி கிடப்பதைப் பொறுக்கமாட்டாமல் இராமலிங்கர் இசைவு தந்தார். பதிப்பித்தல் என்னும் பணியின் பின்னே பசி ஒன்று நின்றது என்பது தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் அரிய செய்தி.

இசைவு தந்தபோதும் அவர் ஒன்றை வற்புறுத்தினார். தம் பெயரை இராமலிங்கசாமி என வழங்குவது ஆரவாரம் எனத் தோன்றுவதால் அவ்வாறு குறிக்கவேண்டா என்று கடிதத்தில் எழுதினார். 1867ஆம் ஆண்டு வேலாயுத முதலியார், கிடைத்த பாடல்களை ஆறு திருமுறைகளாக வகுத்து, முதல் நான்கு திருமுறைகளை வெளியிட்டார். நூலுக்குத் திருவருட்பா என்றும் ஆசிரியருக்குத் திருவருட்பிரகாச வள்ளலார் என்றும் அவர் பெயர் சூட்டினார். ஆசிரியர் சாமி என்னும் சொல்லைத் தவிர்த்தார். மாணவரோ அதனினும் பெரிய பெயரைச் சூட்டிவிட்டார். அப்பெயர்களே பெரும் புயலைக் கிளப்பின.

அருட்பாவா, மருட்பாவா

சைவ உலகில் திருமுறை என்னும் சொல் பன்னிரண்டு நூல்தொகுதிகளுக்கே உரியது. தேவார திருவாசகங்களே அருட்பா எனத் தக்கன. வாழும் மனிதர் ஒருவரின் பாடல்களுக்கு அப்பெயரை இடுவது மரபுக்கு இழுக்கு என்பது ஆறுமுக நாவலரின் கருத்து. நாவலர் தமிழ் உரைநடைக்கும் சைவ நூற்பதிப்புக்கும் செய்த தொண்டு என்றும் நன்றியோடு நினைக்கத்தக்கது. அவருடைய எதிர்ப்பு தனிமனிதப் பகையில் தொடங்கியதன்று. சமய நூல் எது, இலக்கியம் எது, அந்த எல்லையை வகுக்கும் உரிமை யாருக்கு என்னும் கேள்வியே அதன் அடிநிலை. கண்டன நூல்களும் அவற்றுக்கு மறுப்புகளும் பெருகின. 1869இல் வழக்கு கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது.

இப்போர் நடந்துகொண்டிருக்கையில் இராமலிங்கரின் கவனம் வேறு திசையில் இருந்தது. 1865இல் சன்மார்க்க சங்கம் கண்டார். 1867 மே 23ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி, பசித்தோர் எவராயினும் சாதி சமயம் கேளாமல் உணவிட அடுப்பை மூட்டினார். அதற்கான நிலம், ஏறத்தாழ 80 காணி, ஊர்மக்கள் மனமுவந்து கொடுத்தது. 1872 சனவரி 25, தைப்பூச நாளில் எண்கோண வடிவமுடைய சத்திய ஞானசபையில் முதல் சோதி வழிபாடு நிகழ்ந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் மேட்டுக்குப்பத்துச் சித்திவளாகத்தில் 1,596 அடிகள் கொண்ட 'அருட்பெருஞ்சோதி அகவல்' பிறந்தது. பாடல்கள் தம்மைச் சூழ்ந்த வழக்குகளை மறந்து, கும்மியாகவும் கண்ணியாகவும் கீர்த்தனையாகவும் பெருகின. அவை யாவும் கையெழுத்துப் படிகளாகவே இருந்தன.

வள்ளலார் கண்ட ஏமாற்றமும் சிறிதன்று. சபையின் ஒழுங்குகள் அவர் விரும்பியவாறு நடைபெறவில்லை. 1873 அக்டோபரில் சித்திவளாகத்தில் கொடியேற்றி நிகழ்த்திய பேருபதேசத்தில், பழைய சமயப் பற்றுகளை அறவே விடுத்து முன்செல்லுமாறு அன்பர்க்கு அறிவுறுத்தினார். தம் சொல்லைக் கேட்டு நடப்பார் அரியர் என்னும் வருத்தம் அவ்வுரையில் தோய்ந்திருத்தலைப் படிப்போர் உணர்வர்.

மூடிய கதவு

1874 சனவரி 30ஆம் நாள் இரவு இராமலிங்கர் சித்திவளாகத்து அறையினுள் சென்று கதவை அடைத்துக்கொண்டார். அப்போது அவருக்கு அகவை ஐம்பது. கதவைத் திறவாதீர்கள், திறந்தாலும் ஒன்றும் காணமாட்டீர்கள் என்னும் பொருள்பட அவர் உரைத்ததாக அன்பர் பதிவு செய்துள்ளனர். பின்னர் ஆட்சியாளர் வந்து அறையைப் பார்வையிட்டனர். தென்னார்க்காட்டு ஆட்சியர் கார்ஸ்டின் தொகுத்து 1878இல் வெளிவந்த மாவட்டக் கையேட்டிலும் இந்நிகழ்ச்சி இடம்பெற்றது. சென்னை மாநிலக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராயிருந்த தொழுவூர் வேலாயுத முதலியார், 1882இல் பிரமஞான சபையின் இதழ்க்குத் தம் ஆசிரியரைப் பற்றி வாக்குமூலம் அளித்தார்.

இங்கு நுண்ணிதின் நோக்கவேண்டுவது ஒன்றுண்டு. மறைவை அடுத்து மக்களிடையே எழுந்த ஆர்வம் பாடல்களின்மீது எழுந்ததன்று. மூடிய அறையின்மீது எழுந்தது. அவர் சோதியில் கலந்தாரா, வேறிடம் சென்றாரா, மீண்டும் வருவாரா என்பதே ஊரெங்கும் பேச்சு. புகழ் பெற்றோர் மறையும்போதெல்லாம் இதுவே நிகழ்கிறது. முதலில் மறைவின் கதை பரவுகிறது. அக்கதையின் வெளிச்சத்தில்தான் நூலை ஒருவர் கையில் எடுக்கிறார். எடுத்தவருள் ஒரு சிலரே கதையை மறந்து நூலில் மூழ்குகின்றனர். அந்த ஒரு சிலரால்தான் கவிஞன் நிலைபெறுகிறான்.

இரண்டாம் வாழ்வு

அத்தகைய சிலர் வள்ளலார்க்கு வாய்த்தனர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைக் கொடும்பஞ்சம் வாட்டிற்று. தாது வருடப் பஞ்சம் என்று பாட்டிமார் சொல்லிக் கண்ணீர் உகுத்த அப்பஞ்சத்தின் வடு ஆறுமுன், 1879ஆம் ஆண்டில், பசியைத் தீர்த்தலே பேரறம் எனக் கூறும் 'சீவகாருணிய ஒழுக்கம்' அச்சாயிற்று. எழுதப்பட்ட காலத்தில் ஓர் அடியாரின் அறவுரையாக இருந்தது, அச்சான காலத்தில் நாட்டின் வரலாறாகத் தோன்றியிருக்க வேண்டும்.

1880இல் ஐந்தாம் திருமுறை வெளிவந்தது. ஆறாம் திருமுறையை வெளியிட வேலாயுத முதலியார் முற்படவில்லை. சாதியையும் சமயத்தையும் சாத்திரக் குப்பையையும் வெளிப்படையாக மறுக்கும் பாடல்கள் அதில் உள்ளன. முன்னைய நான்கு திருமுறைகளுக்கே வழக்கு மூண்டது என்றால் இதற்கு என்ன விளையும் என்று அஞ்சியிருத்தலும் இயல்பே. ஆசிரியர் மறைந்து பதினோராண்டுகள் கழிந்தபின், 1885இல், அன்பர் சிலரின் முயற்சியால் ஆறாம் திருமுறை உலகைக் கண்டது. வள்ளலாரை இன்று உலகறியச் செய்யும் பாடல்களுள் மிகப் பல அதில் அடங்கியவை. வாடிய பயிரைக் கண்டு உள்ளம் வாடும் அருள்நெஞ்சமும், சாதிப் பிரிவினையைச் சாடும் சீற்றமும் அச்சில் வந்தது அவர் மறைந்த பின்னர்தான். அவரைக் கண்ணாரக் கண்டோர் பலர் அப்பாடல்களைக் கண்டிலர். பாடல்களைக் கண்டோர் பலர் அவரைக் கண்டிலர்.

புயல் மீண்டும் ஒருமுறை எழுந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நா. கதிரைவேற்பிள்ளை மருட்பா வாதத்தைப் புதுப்பித்தார். பின்னாளில் மறைமலையடிகள் என விளங்கிய நாகை வேதாசலம் பிள்ளையும், கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலரும் அருட்பாவின் பக்கம் நின்று மேடையேறினர். சைவப் பெரியார் ஒருவரின் பாடல்களுக்காக இசுலாமியப் புலவர் ஒருவர் வாதாடியது சமரசம் என்னும் சொல்லுக்கு வாழ்வளித்த நிகழ்ச்சி. வழக்கு மீண்டும் நீதிமன்றம் ஏறியது. கதிரைவேற்பிள்ளையின் மாணவராயிருந்த இளைஞர் ஒருவர் தம் ஆசிரியர்க்காகச் சாட்சி சொல்லச் சென்று, தம் பள்ளித் தேர்வையே இழந்தார். அவ்விளைஞரே திரு.வி.க.

காலம் அவரையும் மாற்றிற்று. வடசென்னையின் பெரம்பூர் ஆலைத் தொழிலாளரைத் திரட்டிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் 1918 முதல் தோள்கொடுத்து நின்ற திரு.வி.க., பிற்காலத்தில் 'இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம்' என்னும் நூலை எழுதினார். எதிரணியில் நின்று சான்று பகர்ந்தவரே உள்ளம் உணர்ந்து உரை கண்டார். எந்த நீதிமன்றத் தீர்ப்பாலும் வாராத மாற்றத்தைப் படிப்பு கொண்டுவந்தது. பசியின் வலியைத் தொழிலாளர் குடியிருப்புகளில் கண்ட கண்கள், அருட்பாவில் பசியைப் பற்றிய பாடல்களைப் புதிய பொருளோடு படித்தன எனக் கருதலாம்.

மறைமலையடிகளின் வாழ்விலோ அருட்பாவின் ஒரே ஒரு சொல் ஓர் இயக்கத்துக்கே வித்திட்டது. 1916ஆம் ஆண்டளவில், மகள் நீலாம்பிகையோடு அருட்பாப் பாடலொன்றைப் பாடி மகிழ்ந்திருந்தபோது, அதில் வரும் தேகம் என்னும் வடசொல் இருந்த இடத்தில் யாக்கை என்னும் தமிழ்ச்சொல் இருந்திருப்பின் இன்னும் இனிக்குமே என்று எண்ணினார். அவ்வெண்ணம் தனித்தமிழ் இயக்கமாக வளர்ந்தது. வள்ளலார் தாம் வழங்கிய சொல்லை மாற்ற விரும்பியிருப்பாரோ, மாட்டாரோ, யார் அறிவார்! கவிஞன் மறைந்தபின் அவன் சொற்கள் அவனுக்கு மட்டும் உரியனவாய் இருப்பதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதின்று.

பதிப்பாசிரியர்களின் தவம்

புகழ் பெருகப் பெருகப் பிழைகளும் பெருகும். பாடவேறுபாடுகளும் இடைச்செருகல்களும் நுழையும். இவற்றிலிருந்து அருட்பாவைக் காத்தவர்கள் மேடைகளில் தோன்றாத பதிப்பாசிரியர்கள். ச.மு. கந்தசாமிப் பிள்ளை 1924இல் வரலாற்றுக் குறிப்புகளோடு ஒரு பதிப்பைக் கொணர்ந்தார். ஆ. பாலகிருஷ்ண பிள்ளை வள்ளலாரின் கையெழுத்து மூலங்களைத் தேடித் திரட்டி, ஒப்புநோக்கி, 1931 முதல் 1958 வரை 12 புத்தகங்களாக வெளியிட்டார். ஒரு மனிதரின் வாழ்நாளில் 27 ஆண்டுகள் ஒரே கவிஞரின் எழுத்துக்குச் செலவாயின. ஊரன் அடிகள் 1972இல், திருமுறைப் பகுப்பினுள் பாடல்களைக் கால முறைப்படி அமைத்துப் பதிப்பித்தார். அதன் பயனாக, ஏழுகிணற்றுச் சிறுவர் மேட்டுக்குப்பத்து ஞானியாக வளர்ந்த வழியைப் பாடல்களின் வழியே காண இயன்றது. உரைவேந்தர் ஔவை சு. துரைசாமிப் பிள்ளை அருட்பா முழுமைக்கும் விரிவுரை கண்டார். அதனை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது.

ஏறத்தாழ 6,000 பாடல்கள் இன்று பிழையற்ற வடிவில் கிடைக்கின்றன என்றால், அது ஒருவேளை உணவை விடுத்த இரத்தின முதலியார் தொடங்கி வந்த தொண்டின் பயன். மறைந்த கவிஞரின்மீது மக்கள் காட்டும் ஆர்வம் கடல் அலை போன்றது. எழும், விழும். அலை விழுந்தபோதும் கரையில் நின்று சங்குகளைப் பொறுக்கி வைப்பவரே பதிப்பாசிரியர்.

சிறப்பும் வாசிப்பும்

அரசும் அவரை மறக்கவில்லை. 1993இல் தென்னார்க்காடு பிரிக்கப்பட்டபோது ஒரு மாவட்டத்துக்கு வள்ளலார் பெயர் சூட்டப்பட்டு, சில ஆண்டுகள் வழங்கியது. அவர் பிறந்த அக்டோபர் 5ஆம் நாள் தனிப்பெருங்கருணை நாளாகக் கடைப்பிடிக்கப்படும் எனத் தமிழ்நாடு அரசு 2021இல் அறிவித்தது. 2022 அக்டோபர் முதல் ஓராண்டுக்கு அவருடைய இருநூறாம் ஆண்டு விழா, அன்னதானத்தோடு கொண்டாடப்பட்டது. 2024இல் வடலூர்ப் பெருவெளியில் சர்வதேச மையம் அமைக்க அடிக்கல் நாட்டப்பட்டபோது, ஊர்மக்கள் தந்த அவ்வெளி வெளியாகவே இருத்தல் வேண்டும் எனக் கூறி அன்பர் பலர் எதிர்த்தனர். வழக்கும் எழுந்தது. மறைந்து ஒன்றரை நூற்றாண்டு சென்ற பின்னும் அவர் பெயரால் மக்கள் வாதாடுகின்றனர். அஃது அவர் உயிரோடிருப்பதன் அடையாளம் என மகிழ்வதா, அவர் சொன்னது இன்னும் கேட்கப்படவில்லை என வருந்துவதா என்பது எளிதில் விடை கூறத்தக்க வினாவன்று.

விழாவும் சிலையும் மண்டபமும் ஒரு கவிஞனை நினைவூட்டும். அவனைப் படிக்க வைக்கமாட்டா. வடலூர்ச் சாலையில் 1867இல் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகின்றது. அதற்கு நாள்தோறும் யாரோ ஒருவர் விறகு இடுகிறார். கவிதையின் நெருப்பும் அவ்வாறே யாரோ ஒருவர் நாள்தோறும் படிப்பதால்தான் அணையாதிருக்கிறது. வீராசாமிப் பிள்ளைத் தெரு இல்லம் இன்றும் உள்ளது. ஒற்றியூர்த் தேரடி வீதியும் உள்ளது. அவர் நடந்த வழியில் இப்போது பாரவண்டிகள் துறைமுகம் நோக்கி வரிசையில் நிற்கின்றன. எண்ணெய்ப் புகையும் உப்புக்காற்றும் கலந்த அவ்வழியில், பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடி ஒருவர் கவிதையை மற்றவர் கேட்டுவரும் இலக்கிய வட்டத்தார்க்கு இவ்வரலாறு சொல்வது ஒன்றே.

வாழும்போது கைதட்டல் கிடைக்கவில்லை என்று எந்தக் கவிஞரும் சோர்வுறவேண்டா. மறைந்தபின் கிடைக்கும் புகழை எண்ணி எழுதவும் வேண்டா. இராமலிங்கர் இரண்டையும் எண்ணவில்லை. எண்ணவேண்டியவர் உடனிருந்தோர். நண்பர் ஒருவரின் கவிதைத் தாள்களைப் பத்திரப்படுத்தி, பிழைநீக்கி, அவர் உயிரோடிருக்கும்போதே ஒருமுறையேனும் பொருளுணர்ந்து படித்துவிடுவது உடனிருப்போர் கடமை. இரத்தின முதலியாரைப் போல உணவைக் குறைக்க வேண்டுவதில்லை. ஒரு மாலைப்பொழுதைக் கொடுத்தாலே போதும். மூடிய கதவின் முன் நின்று வியப்பதைக் காட்டிலும், கதவு திறந்திருக்கும்போதே உள்ளே சென்று கேட்பதுதான் கவிஞர்க்குச் செய்யும் உண்மையான சிறப்பு.